எட்டே வரியில் ஒரு பக்கம்

நான் செய்த முதல் இணையப் பக்கத்தில் ரத்தத்துளி சொட்டிக்கொண்டே இருக்கும். இடது மூலையில் ஒன்று, வலது மூலையில் ஒன்று. நடுவில் இருக்கும் தலைப்பு சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு மாறி மறுபடி சிவப்புக்குத் திரும்பும். அதற்குக் கீழே ஒரு வாசகம் வலமிருந்து இடமாக ஓடும். பின்னணி முழுக்க ரோஜாப் பூ. பக்கம் திறந்ததும் புல்லாங்குழல் தானாக ஒலிக்கும். அதைச் செய்து முடித்த அன்று, திண்டுக்கல்லில் இந்த வேலையைச் செய்ய என்னை விட்டால் ஆள் கிடையாது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படி நினைப்பதற்கு என் தொழிலும் ஒரு காரணம். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டி.டி.பி. கடையில் நான் வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ், இவைதான் என் அன்றாடம். தாளில் ஓரிடம் காலியாகத் தெரிந்தால் வாடிக்கையாளர் அதில் விரலை வைத்து, "இங்க ஒண்ணும் போடலையா?" என்று கேட்பார். உடனே ஒரு கொடியோ மணியோ கொண்டுவந்து வைப்பேன். காலியாக இருக்கும் இடம் வேலை முடியாத இடம் என்று ஏழெட்டு வருஷத்தில் கை பழகிப்போயிருந்தது.

அந்தப் பக்கத்தை அக்காவுக்காகத்தான் செய்தேன். அக்கா ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன். என்னைவிட நான்கு வயது மூத்தவள். அப்பா இறந்த பிறகு வீட்டில் அம்மா, அக்கா, நான் என மூன்று பேர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வீடு திரும்பும் வழியில்கூட அக்காவை யாராவது நிறுத்திவிடுவார்கள். "சிஸ்டர், ஏ நெகட்டிவ் எங்கயாவது கெடைக்குமா?" அவள் கன்னியாஸ்திரியும் இல்லை, நர்ஸும் இல்லை. ஆனாலும் எல்லாருக்கும் அவள் சிஸ்டர்தான்.

அவளிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. பரிசோதனைக்கு வருகிறவர்களில் திடமாகத் தெரிகிறவர்களிடம், "யாருக்காவது அவசரம்னா ரத்தம் குடுப்பீங்களா?" என்று கேட்பாள். சரி என்றால் பேர், ஊர், ரத்தப் பிரிவு, தொலைபேசி எண் எல்லாம் நோட்டில் ஏறிவிடும். இப்படி முந்நூறு பேருக்கு மேல் சேர்ந்திருந்தார்கள். விஷயம் பரவி, எரியோடு, வேடசந்தூர், குஜிலியம்பாறை என்று சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தெல்லாம் பரிசோதனை நிலையத்தின் போனுக்கே அழைப்பு வர ஆரம்பித்தது. முதலாளி பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் கோபப்பட்டார். "இது லேபா, டெலிபோன் எக்ஸ்சேஞ்சா?"

அன்று சாயங்காலம் அக்கா நோட்டை என் முன்னால் வைத்தாள்.

"ஊர்ல எல்லாரும் நெட்டு நெட்டுங்குறாங்களே, இதை அதுல போட முடியுமா? வேணும்குறவங்க அவங்களே பாத்து எடுத்துக்கிடட்டும்."

"போட்டுரலாம்" என்றேன். இலவசமாக இடம் கொடுக்கும் ஒரு தளத்தில் கணக்குத் தொடங்கி, முந்நூறு பேரையும் தட்டச்சு செய்து, ரோஜாவும் புல்லாங்குழலும் சேர்த்து ஏற்றிவிட்டேன். கடைக் கணினியில் ஏற்கெனவே எல்லாம் சேமிப்பில் இருந்ததால் பட்டென்று திறந்தது. அக்காவைக் கூட்டிவந்து காட்டினேன். சொட்டும் துளிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தவள், "நிசமாவே சொட்டுற மாதிரியே இருக்குடா" என்றாள். பாராட்டுகிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

குஜிலியம்பாறையில் என் நண்பன் ஒருவன் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான். பாலிடெக்னிக்கில் என்னோடு படித்தவன். மூன்று கணினி, ஒரு தொலைபேசி இணைப்பு, அவ்வளவுதான் கடை. பக்கத்தின் முகவரியை எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்லியிருந்தேன். ஒட்டி இரண்டு வாரம் இருக்கும், ஒரு மத்தியானம் கடைக்குப் போன் செய்தான்.

"ஏலே, உன் பக்கம் இன்னும் தொறந்துக்கிட்டே இருக்குடா."

"செத்த நேரம் ஆகும். படம் இருக்குல்ல."

"எம்புட்டு நேரம்? ஒருத்தர் வந்தாரு. பொண்டாட்டிக்குப் பிரசவமாம், பி நெகட்டிவ் வேணும்னாரு. உன் பக்கத்தப் போட்டுவிட்டேன். பூ வந்துச்சு. அப்புறம் ஒரு சொட்டு வந்துச்சு. அந்தாளு கடிகாரத்தப் பாக்குறாரு, ஸ்கிரீனப் பாக்குறாரு. கால் மணி நேரம் நின்னாரு. கடைசியில கரூர் பஸ் வந்துருச்சுன்னு ஓடிட்டாரு. இப்பத்தான் பேர் ஒவ்வொண்ணா வருது. அதுக்குள்ள பாட்டு வேற பாடுது."

 "அவர் பேர் என்ன?" என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. எந்த ஊர் என்பதும் தெரியவில்லை.

போனை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தேன். ஒரு பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழ் பாதியில் நின்றது. நான்கு ஓரத்திலும் மயில். அன்று அதற்கு மேல் வேலை ஓடவில்லை. அக்காவிடம் சொல்லவும் துணிச்சல் இல்லை. நோட்டில் பி நெகட்டிவ் பதினோரு பேர் இருந்தார்கள். அதில் இரண்டு பேர் குஜிலியம்பாறைப் பக்கத்துக்காரர்கள். அந்த இரண்டு பேருக்கும் அந்த மனிதருக்கும் நடுவில் என் ரோஜாப் பூ நின்றிருந்தது.

இரண்டு வாரம் கழித்து நண்பனே கரூர் பஸ் கண்டக்டரிடம் விசாரித்துச் சொன்னான். அந்த மனிதர் கரூரில் எப்படியோ ரத்தம் வாங்கிவிட்டார், தாயும் பிள்ளையும் நலம். கேட்டதும் எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அது என்னால் வந்த நலமில்லை. நான் தடுத்தும் வந்த நலம். அந்த வித்தியாசத்தை நான் மறக்கவில்லை.

அந்தச் செய்தி வருவதற்கு முன்பே பழைய பக்கத்தைக் கலைத்துவிட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்கு விடுமுறை. முதலாளி சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார். பூசை முடிந்ததும் கடைக்கு வந்து உட்கார்ந்துவிடுவேன். சீக்கிரம் திறக்கும் பக்கம் எப்படிச் செய்வது என்று தேடித் தேடிப் படித்தேன். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் செய்து இலவசமாக வைத்திருந்த ஒரு டெம்ப்ளேட், யாரும் எடுத்துத் தங்கள் விஷயத்தை நிரப்பிக்கொள்ளும் மாதிரிப் பக்கம், கண்ணில் பட்டது. அதைத் தீம் என்று சொல்லும் பழக்கம் பிறகுதான் வந்தது. அதில் இரண்டே கோப்புகள். ஒன்றில் விஷயம், மற்றொன்றில் அந்த விஷயம் எப்படித் தெரியவேண்டும் என்ற குறிப்பு. படம் ஒன்றுகூட இல்லை. தேடும் வசதி, கடவுச்சொல் கொடுத்து உள்ளே நுழையும் வசதி எதுவும் கிடையாது. எழுதி வைத்தது எழுதி வைத்தபடி நிற்கும்.

திறந்து பார்த்தேன். வெள்ளை. மேலே ஒரு தலைப்பு, அதன் கீழே மெல்லிய சாம்பல் கோடு, நடுவில் ஒடுக்கமாக ஒரு பத்தி, அடியில் செய்தவரின் பெயர். மை தீர்ந்துபோன மெஷினில் அடித்த தாள் மாதிரி இருந்தது. என் கை தானாகவே கொடியையும் மணியையும் தேடியது. கைகளைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்க்கப் பார்க்க ஒன்று புரிந்தது. அந்தப் பக்கத்தில் கண் வழிதவறவே இல்லை. நேராக எழுத்துக்குப் போய் நின்றது.

சரி, அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்று ஆங்கிலத்தை அழித்துவிட்டுத் தமிழைப் போட்டேன். எல்லாம் கெட்டுப்போனது. அந்த வெளிநாட்டுக்காரர் தன் மொழிக்கு அளந்து தைத்திருந்தார். தமிழ் அதற்குள் அடங்கவில்லை. மேல் வரியின் உகரச் சுழிகள் கீழ் வரியின் இகரக் கொக்கிகளோடு முட்டிக்கொண்டன. தலைப்பில் எழுத்துக்கு எழுத்து இடைவெளி விடச் சொல்லியிருந்தார். ஆங்கிலத்தில் அது பாந்தமாக இருந்தது. தமிழில் ஒற்றைக்கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமும் கால் வேறொரு பக்கமுமாகப் பிரிந்து நின்றன. முக்கியமான சொற்கள் சாய்ந்திருக்க வேண்டும் என்று ஒரு குறிப்பு. சாய்த்தால் தமிழ் விழப்போகிறவன்போல் இருந்தது.

ஒவ்வொன்றாகத் திருத்தினேன். வரிக்கு வரி இடைவெளியைக் கூட்டினேன். எழுத்து இடைவெளியை எடுத்தேன். சாய்வை நீக்கி, தடித்த எழுத்தாக்கினேன். ஓர் எண்ணை மாற்றிச் சேமிப்பது, பக்கத்தை மறுபடி திறந்து பார்ப்பது, மறுபடி மாற்றுவது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இதிலேயே போயின. ஒன்றரை மடங்கு இடைவெளி நெருக்கமாகத் தெரிந்தது, இரண்டு மடங்கு பிரிந்து போனதுபோல் தெரிந்தது. இரண்டுக்கும் நடுவில் ஓரிடத்தில் தமிழ் நிம்மதியாக உட்கார்ந்தது. அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடமும் சொல்ல முடியாது. என்ன செய்தாய் என்று கேட்டால், வரிகளைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன் என்றுதானே சொல்ல வேண்டும்?

கடையில் நன்றாக இருந்தால் போதாது என்று இந்த முறை புத்தி வந்திருந்தது. ஒரு விடுமுறை நாளில் பேருந்து ஏறிக் குஜிலியம்பாறைக்குப் போனேன். வழியெல்லாம் காய்ந்த மானாவாரி நிலம், மழைக்குக் காத்துக்கிடந்தது. நண்பன் என்னைக் கணினியின் முன் உட்காரவைத்து, "இந்தத் தடவ பாட்டு பாடுமா?" என்று கேட்டான். பாடவில்லை. பத்து எண்ணுவதற்குள் பக்கம் வந்துவிட்டது. ஆனால் இரண்டு கணினிகளில் தமிழ் இருக்கவேண்டிய இடமெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. அந்தப் பழைய கணினிகளுக்குத் தமிழ் தெரியவில்லை. மூன்றாவதில் தமிழ் தெரிந்தது. ஆனால் மங்கிப்போன அந்தத் திரையில் வெளிநாட்டுக்காரரின் சாம்பல் நிற எழுத்து தூசிக்குள் கரைந்துவிட்டது.

அங்கேயே உட்கார்ந்து மாற்றினேன். சாம்பலைக் கறுப்பாக்கினேன். ஆங்கில எழுத்தில் இருந்த ரத்தப் பிரிவையும் தொலைபேசி எண்ணையும் எந்தக் கணினியும் காட்டிவிடும். ஆகவே அவற்றை முன்னால் கொண்டுவந்தேன். 'உங்களுக்கு வேண்டிய பிரிவை அழுத்துங்கள்' என்ற ஒரு வரியை மட்டும் கறுப்பு வெள்ளையில் சின்னப் படமாக்கி வைத்தேன். முந்நூறு பேரையும் ஒரே பக்கத்தில் கொட்டாமல் எட்டுப் பிரிவுக்கு எட்டுப் பக்கமாகப் பிரித்தேன். பி நெகட்டிவ் தேடுகிறவர் மற்ற ஏழுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. நண்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாகத் திறந்தான்.

"ஒரு டீ சொல்லி வாரதுக்குள்ள எட்டும் வந்துருது. இப்பச் சரிடா."

திண்டுக்கல் திரும்பியதும் அக்காவிடம் காட்டினேன். அப்போதுதான் பிரசவத்துக்கு ரத்தம் கேட்டு வந்தவரின் கதையையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. பக்கத்தின் அடியிலிருந்த பெயரைக் காட்டி, "இது யாரு?" என்றாள்.

"இந்தப் பக்கத்துக்குச் சட்டை தச்சவரு."

"அவரு பேரு அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

இந்தக் கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். ஒரு மாதம் நன்றாகத்தான் போயிற்று. மூன்று நான்கு பேர் பக்கத்தைப் பார்த்து, நேரடியாகக் கொடுப்பவர்களை அழைத்து, ரத்தம் வாங்கியதாகத் தகவல் வந்தது. பிறகு ஒருநாள், கூட்டம் அதிகமாக இருந்த காலை நேரத்தில், ஒருவர் அக்கா வேலை பார்க்கும் இடத்துக்கே வந்து சத்தம் போட்டார். எரியோட்டுக்காரர். உரக்கடை வைத்திருப்பவர். அவர் மனைவி பள்ளிக்கூட ஆசிரியை, நோட்டில் ஓ நெகட்டிவ் பகுதியில் இருந்தார். யார் யாரோ அந்த அம்மாவுக்குப் போன் செய்கிறார்களாம். ரத்தம் கேட்பதற்கு அல்ல. பெண்ணின் பெயரும் எண்ணும் கிடைத்துவிட்டது என்பதற்காகவே அழைத்து, வேண்டாததையெல்லாம் பேசுகிறார்களாம்.

அக்கா அங்கிருந்து நேராக என் கடைக்கு வந்தாள். வேலை நேரத்தில் அவள் கடைப்பக்கம் வந்ததே கிடையாது. முகம் வெளிறியிருந்தது.

"அதை எடுத்துரு. இப்பவே எடு."

"எதை?"

"எல்லாத்தையும். பேஷன்ட் எல்லாம் உக்காந்துருக்காங்க, அவங்க முன்னாடி, 'என் பொண்டாட்டி நம்பர ஊருக்கு வித்துட்டியே'ங்குறாரு. நான் என்ன பதில் சொல்ல? வரிக்கு வரி எம்புட்டு எடம் விடணும்னு மூணு வாரம் யோசிச்சியே, இந்த ஆளுங்க கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு உனக்குத் தோணலையா?"

நான் எட்டுப் பக்கங்களையும் திரையில் திறந்தேன். அவளே அடங்கிய குரலில் சொன்னாள். "எனக்கும் தோணல. நோட்டக் குடுத்தது நான்தானே."

எட்டுப் பக்கங்களையும் அழித்தேன். செய்ய மாதக்கணக்கு ஆனது. அழிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நாங்கள் இருவரும் எரியோட்டுக்குப் போனோம். ஆசிரியை முன்னறையில் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தார். கணவர் உள்ளிருந்து வந்து வாசல்படியோடு நின்றார். உட்காரச் சொல்லவில்லை. அக்கா நின்றபடியே பேசினாள்.

"டீச்சர், தப்பு என்னோடதுதான். உங்களக் கேக்காம நம்பரப் போட்டுட்டோம். எடுத்தாச்சு. நேர்ல சொல்லிட்டுப் போகணும்னுதான் வந்தோம்."

ஆசிரியை சிவப்புப் பேனாவை மூடி வைத்தார். "நீங்க லேப்ல கேட்டப்ப நான் சரின்னேன். ரத்தத்தக் குடுக்குறதுக்குத்தான் சரின்னேன். நம்பரக் குடுக்க இல்ல."

"ஆமா டீச்சர்."

"இனிமே இவ பேரு எங்கயும் இருக்கக் கூடாது. நோட்டுலருந்தும் அடிச்சுருங்க" என்றார் கணவர்.

அக்கா தலையசைத்தாள். நானும் தலையசைத்தேன். நாங்கள் திரும்பும்போது ஆசிரியை, "நில்லுங்க" என்றார். "நெட்டுல பேரும் இருக்க வேணாம், நம்பரும் இருக்க வேணாம். ஆனா நோட்டுல இருக்கட்டும். ஓ நெகட்டிவ் இந்தப் பக்கம் எத்தன பேரு இருக்காங்க? யாருக்காச்சும் வேணும்னா நீங்க கூப்புடுங்க சிஸ்டர். நீங்க மட்டும். நான் வாரேன்."

கணவர் அவரைப் பார்த்தார்.  பிறகு எங்களிடம், "பஸ் ஆறரைக்குத்தான். உக்காருங்க" என்றார்.

ஆறரை பஸ்ஸில் திரும்பினோம். பேருந்து ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வந்தேன். பக்கத்திலிருந்து பூவை எடுத்தேன், இசையை எடுத்தேன், ஓடும் எழுத்தை எடுத்தேன், இனி எடுக்க ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தேன். முதலில் எடுத்திருக்க வேண்டிய முந்நூறு பெயர்கள் அப்படியே இருந்திருக்கின்றன. எனக்கு அவை வெறும் எழுத்துகளாகவே தெரிந்திருக்கின்றன. நெருக்கமாக இருக்கிறதா, படிக்க முடிகிறதா என்று பார்த்தேனே தவிர, அந்த வரிக்குப் பின்னால் ஒரு வீட்டில் போன் மணி அடிக்கும் என்று பார்க்கவில்லை.

புதுப் பக்கத்துக்கு அதே வெள்ளைச் சட்டைதான். ஆனால் உள்ளே எட்டே வரிகள். ஒவ்வொரு வரியிலும் ஒரு ரத்தப் பிரிவு, அதற்குப் பக்கத்தில் கொடுக்கத் தயாராக இருப்பவர்களின் எண்ணிக்கை. எட்டுக்கும் கீழே ஒரே ஒரு தொலைபேசி எண். அதற்காகவே அக்கா ஒரு செல்போன் வாங்கி வேலை நேரத்திலும் பையில் வைத்துக்கொண்டாள். முதலாளியிடம் பேசி அனுமதியும் வாங்கினாள். யாராவது அழைத்தால் நோட்டைப் பார்த்து அவளே கொடுப்பவரை அழைப்பாள். அவர் சரி என்ற பிறகே எண் கைமாறும். வாரம் ஒரு முறை அவள் சொல்லச் சொல்ல எண்ணிக்கையை மாற்றி ஏற்றுவேன்.

இதற்கு முன்னால் நோட்டில் இருந்த எல்லாரையும் அழைத்து நடந்ததைச் சொன்னோம். சிலர் தங்கள் பெயரை எடுத்துவிடச் சொன்னார்கள். நாகல் நகரில் பாத்திரக்கடை வைத்திருந்த ஒருவர் மட்டும் வேறு காரணத்துக்காக வருத்தப்பட்டார். "அப்ப என் பேரு நெட்டுல வராதா? சம்பந்தி வீட்டுல எல்லாம் சொல்லிவெச்சுட்டேனே." அக்கா வெகுநாள் கழித்து அன்று சிரித்தாள்.

எட்டு வரிப் பக்கம் வருஷக்கணக்கில் ஓடியது. அதைப் பார்ப்பவர்களில் யாரும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. அசிங்கமாக இருக்கிறது என்றும் சொன்னதில்லை. பக்கத்தைப் பற்றிப் பேச அவர்களுக்கு நேரமில்லை. இந்த நிலைமைக்கு நான் பழகிக்கொண்டேன். கடையில் அழைப்பிதழ்களில் மயில் வைப்பது மட்டும் நிற்கவில்லை. அது அவர்கள் வீட்டு விசேஷம், மயில் வேண்டும் என்றால் மயில்தான்.

ஒரு கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் அக்காவும் அம்மாவும் வேளாங்கண்ணிக்குப் போயிருந்தார்கள். செல்போனும் நோட்டும் என்னிடம் இருந்தன. காலை எட்டு மணிக்கு ஓர் அழைப்பு. தாயாருக்கு அறுவை சிகிச்சை, பி பாசிட்டிவ் வேண்டும் என்றார் ஒருவர். பக்கத்தில் அந்த வரியில்தான் எண்ணிக்கை அதிகம். தைரியமாகச் சரி என்றேன். நோட்டை எடுத்து வரிசையாக அழைத்தேன். ஒருவர் ஊரில் இல்லை. ஒருவர் போன மாதம்தான் கொடுத்திருந்தார். ஒருவருக்குக் காய்ச்சல். விடுமுறை வாரம், பாதிப் பேர் போனையே எடுக்கவில்லை. பத்தொன்பது பேரை அழைத்து முடித்தபோது அவர் மறுபடி அழைத்தார்.

"யாராச்சும் கெடச்சாகளா சார்?"

எனக்கும் பி பாசிட்டிவ்தான். அதை இதுவரை சொல்லாமல் வந்ததற்குக் காரணம் உண்டு. ஊசியைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும். ஒரு தடவை அக்காவுக்குச் சாப்பாடு கொண்டுபோன இடத்தில், யாருக்கோ ரத்தம் எடுப்பதைப் பார்த்துவிட்டுச் சுவரோடு சாய்ந்தவன் நான். ஊரில் உள்ளவரிடமெல்லாம் கேட்ட அக்கா என்னிடம் கேட்டதே இல்லை. கேட்காமல் விட்டது அவளுடைய பிரியம். அந்தப் பிரியத்துக்குள் நான் வசதியாக உட்கார்ந்திருந்தேன்.

"வாரேன்" என்றேன். சொன்ன பிறகுதான் யார் வருவதாகச் சொன்னேன் என்று புரிந்தது.

பரிசோதனைக்குப் போவதுபோல வெறும் வயிற்றோடு போகவேண்டும் என்று நினைத்துக் காபிகூடக் குடிக்காமல் கிளம்பினேன். அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் அறை எங்கே என்று யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. முன்கட்டிடம், மாடி, மறுபடி கீழே என்று அலைந்தேன். கடைசியில் பின்பக்கம், சைக்கிள் நிறுத்துமிடத்தைத் தாண்டி, பெயர்ப்பலகை இல்லாத ஒரு கதவு. அங்கே என்னைப் போலவே அலைந்து களைத்து ஒருவர் நின்றிருந்தார். என்னை அழைத்தவர் அவர்தான். நாற்பது வயது இருக்கும். கையில் தாயாரின் கோப்பு.

படுக்கவைத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டேன். ஊசி ஏறியது தெரிந்தது. கூரையைப் பார்க்காதே, கையைப் பார்க்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முடிந்துவிட்டது என்றார்கள். இவ்வளவுதானா என்று எழுந்து நின்றேன். அடுத்து எனக்கு நினைவிருப்பது, தரையில் உட்கார்ந்திருக்கிறேன், அந்த மனிதர் தாயாரின் கோப்பால் எனக்கு விசிறிக்கொண்டிருக்கிறார்.

"காலைல சாப்டீகளா?"

"இல்ல."

"ரத்தம் குடுக்க வாரவுக வெறும் வயித்தோட வருவாகளா? யாரும் சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான்தான். வருஷக்கணக்காக அந்தப் பக்கத்தை வைத்திருப்பவன் நான் என்று அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அவர் என்னைக் கைத்தாங்கலாகக் கேன்டீனுக்கு அழைத்துப்போய் இட்லி வாங்கி வைத்தார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தார். தாயார் உள்ளே இருக்கும்போது இங்கே எனக்குக் காவல். "நீங்க போங்க, நான் பாத்துக்குறேன்" என்றேன். "நீங்க நல்லபடியா நடந்து காட்டுங்க, போறேன்" என்றார். நடந்து காட்டினேன்.

மத்தியானம் கடைக்கு வந்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். எட்டு வரி, ஒரு எண். அதிலிருந்து எடுத்து எடுத்தே பழகிய எனக்கு, சேர்க்க வேண்டும் என்று தோன்றியது அதுவே முதல் முறை. தொலைபேசி எண்ணுக்குக் கீழே மூன்று வரிகள் எழுதினேன். ரத்தம் கொடுக்க வருகிறவர் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வரவேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் அறை பின்பக்கம், சைக்கிள் நிறுத்துமிடத்தைத் தாண்டி இருக்கிறது. கொடுத்து முடித்ததும் உடனே எழுந்திருக்க வேண்டாம், கூட ஒருவர் இருக்கட்டும். வரி இடைவெளியைச் சரிபார்த்துவிட்டு ஏற்றினேன்.

அக்கா வேளாங்கண்ணியிலிருந்து வந்ததும் காட்டினேன். இரண்டு முறை படித்தாள்.

"கூட ஒருத்தர் இருக்கணும்னு யாரு சொன்னா?"

நடந்ததைச் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. என் சட்டைக்கையை மேலே தள்ளி, ஊசி போட்ட இடத்தை விரலால் அழுத்திப் பார்த்தாள். கொஞ்சம் கன்றியிருந்தது.

"நாளைக்குச் சரியாயிரும்" என்றாள். பிறகு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அன்று போனை எடுக்காதவர்களை, இன்னும் ரத்தம் கொடுப்பார்களா என்று கேட்க, ஒவ்வொருவராக அழைக்க ஆரம்பித்தாள்.